அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டலாமா?

நீங்கள் கேட்டது மூன்றே வரி. நெட்பிளிக்ஸைத் திறந்தால் தன்பாலீர்ப்புள்ள (தன் பாலினத்தவரையே விரும்பும்) ஒரு கதாபாத்திரமாவது இல்லாத தொடரைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. இதைப் பார்த்துத்தான் மக்கள் மாறுகிறார்களா, இல்லை மாறிவிட்ட மக்களுக்கு ஏற்றபடி ஊடகம் மாறுகிறதா என்பது முதல் வரி. ஆங்கிலம் பேசும் நண்பர்களிடம் தெரிகிற மாற்றம் நம் தமிழ் வீடுகளில் ஏன் தெரியவில்லை என்பது இரண்டாவது. கடைசி வரியில், "நல்ல படமாகப் பார்த்து அம்மாவை உட்கார வைத்துக் காட்டினால் பலன் இருக்குமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அது உங்களைப் பற்றியதா, தம்பி தங்கையைப் பற்றியதா, நண்பரைப் பற்றியதா என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்த அம்மாவை மனத்தில் வைத்துக்கொண்டே மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பு படித்தேன். அப்புறம் பாதை மாறி, பதினேழு வருடமாகச் சிங்கப்பூரில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். வருபவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆலோசகரைத் தேடி வருவது பிரச்சினை முற்றிய வீடுகள்தான். சத்தமில்லாமல் பிள்ளையை ஏற்றுக்கொண்ட அம்மாக்கள் என் அறைக்கு வருவதில்லை. அதனால் என் அனுபவத்தை மட்டும் வைத்து எல்லாத் தமிழ் வீடும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது. வேறு குழுவைச் சேர்ந்த மனிதர்களோடு சமமாகப் பழகக் கிடைத்தால் வெறுப்பு குறையும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அவர் பக்கமே நிற்கின்றன. திரையில் பழகுவதும் பழக்கம்தானா என்ற கேள்வியை 2005 வாக்கில் எட்வர்ட் ஷியாப்பா என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டார்கள். தன்பாலீர்ப்புள்ள ஒருவரை நாயகனாகக் கொண்டு 1998இல் தொடங்கிய 'வில் அண்ட் கிரேஸ்' தொடரை அதிகம் பார்த்த மாணவர்களிடம் தன்பாலீர்ப்புள்ள ஆண்களைப் பற்றிய தப்பெண்ணம் குறைவாக இருந்தது. நேரில் அப்படி யாரையும் அவ்வளவாகத் தெரியாதவர்களிடம்தான் இந்தத் தொடர்பு அதிகமாகத் தெரிந்தது. நம் வீடுகளில் இதற்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது. சீரியலில் மருமகள் பட்டினி கிடந்தால் இங்கே சோபாவில் ஒருவருக்குச் சோறு இறங்காது. திரையில் இருப்பவரை நம் மனம் தெரிந்தவர் கணக்கில்தான் வைத்துக்கொள்கிறது.

சந்தேகம் அங்கேயே தொடங்குகிறது. அந்தத் தொடரைப் பார்த்ததால் மனம் இளகியதா, இளகிய மனம் உள்ளவர்கள்தான் அதைத் தேடிப் பார்த்தார்களா என்பதை அப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. எதிர்த்திசையில் ஒரு பழைய ஆய்வும் இருக்கிறது. 'ஆல் இன் த ஃபேமிலி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர், இனவெறி பிடித்த ஒரு குடும்பத் தலைவரைக் கிண்டல் செய்யத்தான் எடுக்கப்பட்டது. 1974இல் விட்மரும் ரோக்கீச்சும் பார்வையாளர்களை ஆராய்ந்தபோது, ஏற்கெனவே தப்பெண்ணம் உள்ளவர்கள் அவரையே ரசித்ததும், அவர் பேசுவதே சரி என்று எடுத்துக்கொண்டதும் தெரியவந்தது. ஒரே காட்சியை இரண்டு பேர் இரண்டு படமாகப் பார்க்கிறார்கள். உங்கள் அம்மா எந்தப் படத்தைப் பார்ப்பார் என்பதை இயக்குநரால் முடிவு செய்ய முடியாது.

என் வேலையையே மாற்றிய ஆய்வு இன்னொன்று. எலிசபெத் லீவி பாலக் என்ற உளவியலாளர் ருவாண்டாவில் செய்தது, 2009இல் வெளிவந்தது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே சமரசத்தைப் பற்றி ஒரு வானொலி நாடகம் ஒலிபரப்பானது. சில ஊர்களில் மக்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வருடம் அதைக் கேட்டார்கள். வேறு ஊர்களில் உடல்நலம் பற்றிய இன்னொரு நாடகத்தைக் கேட்டார்கள். வருட முடிவில் பார்த்தால், சமரச நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது, 'நம் ஊரில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்' என்று அவர்கள் வைத்திருந்த கணிப்பு. நடத்தையும் அந்தக் கணிப்பின் பின்னால் போனது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தபோதும், பாலக்கும் அவருடைய சக ஆய்வாளர் டாங்கார்டும் இதையேதான் கண்டார்கள். தனிப்பட்ட கருத்து அசையவில்லை; நாட்டில் ஆதரவு கூடுகிறது என்ற எண்ணம் மட்டும் உயர்ந்தது.

தமிழில் இதற்கு நம்மிடம் வெகுகாலமாக ஒரு பெயர் உண்டு: நாலு பேர். என் அறையில் அம்மாக்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "இது பாவம்" என்பதோ "இது இயற்கைக்கு விரோதம்" என்பதோ அல்ல. "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்பதுதான். இதை வெறும் வறட்டுக் கௌரவம் என்று இளைஞர்கள் ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நாலு பேர்தான் கல்யாணத்துக்கு முன்வரிசையில் நிற்பவர்கள், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வருபவர்கள், கடைசியில் தூக்கிப் போகிறவர்கள். சிறிய சமூகத்தில் அவர்களை இழப்பது மெய்யான இழப்பு. ஊடகம் உங்கள் அம்மாவின் மனத்துக்குள் நேராக நுழைந்து மாற்றுவதில்லை. அவர் மனத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்ற படத்தைத்தான் அது மாற்றுகிறது. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து நான் வந்து நிற்கும் இடம் இது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தமிழ் அம்மாவின் நாலு பேர் தமிழர்கள். நெட்பிளிக்ஸில் நியூயார்க் பையன் தன் தோழனின் கையைப் பிடித்தால், "அது அவங்க ஊர் கதை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைப்பார். அந்தக் காட்சி அவருடைய நாலு பேரைத் தொடவே இல்லை. இங்கே வீட்டில் தமிழ் பேசுவோர் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2.5 விழுக்காடு; 2010இல் அது மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாழ்கிறார்கள், இந்த விஷயத்தை ஆங்கிலத்திலேயே புரிந்துகொள்கிறார்கள், தங்களைப் பற்றி ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறார்கள். பெற்றோர் தமிழில் பார்க்கிறார்கள். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு வேறு உலகத்து ஊடகம்.

இதோடு சிங்கப்பூரின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. இலவசத் தொலைக்காட்சியில் தன்பாலீர்ப்பு வாழ்க்கையை ஊக்குவிப்பதாகவோ நியாயப்படுத்துவதாகவோ எதுவும் வரக்கூடாது என்பது நெடுநாளைய நெறிமுறை. 2008இல் ஒரு வீட்டு அலங்கார நிகழ்ச்சியில் ஓர் ஆண் இணையரையும் அவர்கள் குழந்தையையும் இயல்பான குடும்பமாகக் காட்டியதற்காகத் தொலைக்காட்சி நிறுவனமான மீடியாகார்ப் 15,000 வெள்ளி அபராதம் கட்டியது. திரைப்படங்களில் இது மையக் கருவாக இருந்தால் பொதுவாக ஆர்21. 2018இல் வந்த 'லவ், சைமன்' பதின்ம வயதினருக்காக எடுத்த மென்மையான பள்ளிக்கூடக் கதை; இங்கே அது 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். 2022இல் 'லைட்இயர்' என்ற சிறுவர் கார்ட்டூன் படத்துக்கு, இரண்டு பெண்கள் முத்தமிடும் சிறு காட்சிக்காக என்சி16, அதாவது 16 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ், கொடுத்தார்கள். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை நீக்கப்போவதாக அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினக் கூட்டத்தில் அறிவித்தார். நவம்பரில் நாடாளுமன்றம் அந்த நீக்கத்தை நிறைவேற்றியது. 2023 ஜனவரி 3இல் அந்தச் சட்டம் மறைந்தது. ஆனால் திரைப்பட வகைப்பாடும் தொலைக்காட்சிக் கொள்கையும் பழையபடியே தொடரும் என்று அரசாங்கம் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்த விதிகள் சரியா தவறா என்ற வாதத்துக்கு இப்போது போகவில்லை. என் கவலை வேறு. இங்கே இந்தக் கதைகளைப் பெரும்பாலும் தனியாக, கைப்பேசியில், காதொலிப்பான் மாட்டிக்கொண்டு பார்க்கிறோம். ருவாண்டாவில் அந்த நாடகம் பலன் தந்ததற்கு, சேர்ந்து உட்கார்ந்து கேட்டதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே சிரிக்கிறார், எங்கே கண்ணைத் துடைக்கிறார் என்று பார்த்தால்தான் நாலு பேரைப் பற்றிய கணிப்பு மாறும். கூடத்தில் குடும்பமாகப் பார்க்கும் பெட்டியில் இந்த மனிதர்கள் இல்லை என்றால், அல்லது 2020இல் எட்டாம் ஒளிவழி நாடகம் ஒன்றில் வந்ததுபோல் சிறுவர்களைச் சீண்டுபவராக மட்டும் வந்தால் (அதற்கு மீடியாகார்ப் மன்னிப்புக் கேட்டது), வீட்டில் பேச்சு எங்கிருந்து தொடங்கும்?

ஆனால் ஊடகத்துக்கு அளவுக்கு மீறிப் பெருமை கொடுத்துவிடக்கூடாது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் மக்களின் கருத்து நகர்ந்திருக்கிறது. இப்சாஸ் கருத்தாய்வில் 377ஏ பிரிவை ஆதரித்தவர்கள் 2018இல் 55 விழுக்காடு, 2022இல் 44. எதிர்த்தவர்கள் 12இலிருந்து 20 ஆனார்கள். நடுவில் பெரும் கூட்டம் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது, அதையும் கவனியுங்கள். இந்த நகர்வில் திரைக்கு எவ்வளவு பங்கு, 2009 முதல் ஹோங் லிம் பூங்காவில் தன்பாலீர்ப்புள்ளவர்களுக்கு ஆதரவாக நடக்கும் பிங்க் டாட் கூட்டங்களுக்கு எவ்வளவு, தலைமுறை மாறியதற்கு எவ்வளவு, அலுவலகத்தில் பக்கத்து மேசையில் ஒருவரைத் தெரிந்துகொண்டதற்கு எவ்வளவு என்று யாராவது துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இலும் 2010இலும் எடுத்த கருத்தாய்வுகளில், சமயப் பற்றின் ஆழமும் நேரில் ஒருவரைத் தெரிந்திருப்பதும் மனப்பான்மையோடு நெருங்கிய தொடர்புடையவையாக இருந்தன.

சில நேரம் ஊடகம் பின்னாலேயே வந்திருக்கிறது. 1971இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இந்த நாட்டின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். 1973 முதல், சிகிச்சை முடித்தவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. 1996இல் திருமண உரிமையும் வந்தது. எந்தப் படமும் மக்களைத் தயார்படுத்தவில்லை. அந்தக் காலத்தில் திருநங்கைகள் பொதுப் பார்வைக்கு வந்தது பூகிஸ் ஸ்திரீட்டில், சுற்றுப்பயணிகள் வேடிக்கை பார்க்கும் பொருளாக. சட்டம் ஒரு வழியில் போனது, பார்வை வேறு வழியில் போனது. நம் தமிழ் அம்மாக்களில் எத்தனை பேருக்கு ரத்னம் என்ற பெயர் தெரியும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது தமிழ்த் திரை. பல பத்தாண்டுகளாக அங்கே திருநங்கை என்றால் நகைச்சுவைக் காட்சி, இல்லையென்றால் 2000இல் வந்த 'அப்பு' போலக் கொடூர வில்லன். 2015இல் 'ஐ' படம் வந்தபோது திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. நடுவில் 2011இல் 'காஞ்சனா' வந்தது. சரத்குமார் திருநங்கையாக நடித்தார், ஜனங்கள் அழுதார்கள். ஓர் அம்மா என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "காஞ்சனாவுக்கு அப்படி அழுதேன், மிஸ். ஆனா அது செத்துப்போன பொண்ணு. என் புள்ள உயிரோட என் முன்னாடி நிக்குது, எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல." இரக்கத்தைத் திரை சுலபமாக வரவழைத்துவிடும். பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவது வேறு. அதற்குச் செத்தவர்களையும் தியாகிகளையும் காட்டிப் பயனில்லை. வாடகை கொடுத்து, வேலைக்குப் போய், மழையில் துணி எடுக்க ஓடும் மனிதர்களைக் காட்ட வேண்டும். 'சூப்பர் டீலக்ஸ்' 2019இல் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. மனைவியும் மகனும் இருக்கும் வீட்டுக்கு, விஜய் சேதுபதி நடித்த ஷில்பா திருநங்கையாகத் திரும்பி வருகிறார். அதையும் திருநங்கைகள் சிலர் கடுமையாக விமர்சித்தார்கள், அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த மாதிரி வேடங்கள் திருநங்கை நடிகர்களுக்கே கிடைப்பது இன்னும் அபூர்வம்.

இருந்தாலும் திருநங்கைகள் விஷயத்தில் தமிழ்ச் சமூகம் நகர்ந்த அளவுக்குத் தன்பாலீர்ப்புள்ளவர்கள் விஷயத்தில் நகரவில்லை. என் கணிப்பில் இதற்கு ஒரு முக்கியக் காரணம், சொல். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. அதே வருடம் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியைத் திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் தொகுத்து வழங்கினார். திருநங்கை என்ற சொல் அரசு ஆவணத்திலும் செய்தியிலும் கூடத்துத் தொலைக்காட்சியிலும் ஏறக்குறைய ஒன்றாகப் பரவியது. பாட்டியிடம்கூடக் கூசாமல் சொல்லக்கூடிய சொல் அது. மற்றவர்களுக்கு என்ன இருந்தது? செய்தித்தாளில் ஓரினச்சேர்க்கை. அதில் 'சேர்க்கை' இருக்கிறது. மகன் அம்மாவிடம் "நான் ஓரினச்சேர்க்கையாளன்" என்று சொன்னால், படுக்கையறையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அந்தக் கூச்சத்திலேயே பாதிப் பேச்சு செத்துப்போகும். தன்பாலீர்ப்பு என்றால் ஈர்ப்பு. எந்த அம்மாவுக்கும் தன் இளமையிலிருந்து தெரிந்த ஒன்று. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாடு அரசிதழில் இப்படிப்பட்ட மரியாதையான சொற்களின் பட்டியலே வெளியானது. இங்கே நம் தமிழ் ஊடகங்கள் சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால், அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை, எந்த விதியும் குறுக்கே நிற்காது.

சரி, உங்கள் அம்மா. படம் காட்டலாம். ஆனால் பொறி வைப்பதுபோல் காட்டாதீர்கள். "சும்மா ஒரு படம்" என்று உட்கார வைத்து, முடிந்ததும் "அம்மா, உன்னிடம் ஒன்று சொல்லணும்" என்று தொடங்கிய வீடுகளில், அம்மாவுக்குக் கோபம் விஷயத்தின்மேல் வந்ததைவிட ஏமாற்றப்பட்டோம் என்பதன்மேல் அதிகம் வந்திருக்கிறது. படத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் நாள் கடக்கட்டும். உங்கள் வயதுப் பையன்கள் காதலிக்கும் கதையைவிட, அவர் வயது மனிதர்கள் வரும் கதையைத் தேடுங்கள். 2023இல் வந்த மலையாளப் படமான 'காதல் தி கோர்' பற்றி நான் சில குடும்பங்களிடம் சொன்னதுண்டு. அதில் நடிப்பது மம்மூட்டியும் ஜோதிகாவும். அம்மாக்கள் முப்பது வருடமாகவும் இருபது வருடமாகவும் பார்த்துப் பழகிய முகங்கள். மறைத்து வாழ்ந்த ஒரு கணவரால் மனைவியின் வாழ்க்கையும் சேர்ந்து வீணாவதை அது காட்டுகிறது. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்று நம்பும் பெற்றோருக்கு அதைவிட முக்கியமான விஷயம் இல்லை. பார்த்த பிறகு கருத்துக் கேட்காதீர்கள். எந்தக் காட்சியில் அவர் கைப்பேசியை எடுத்தார், எந்தக் காட்சியில் எடுக்கவில்லை என்று மட்டும் கவனியுங்கள்.

மனத்தை மாற்றுவதில் படத்தைவிட வலுவானது பேச்சு. ப்ரூக்மனும் காலாவும் 2016இல் வெளியிட்ட மயாமி ஆய்வில், வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம் வாதாடாமல் பேசி, 'உங்களை யாராவது வித்தியாசமாக நடத்திய நேரம் உண்டா' என்று கேட்டுக் காதுகொடுத்ததில், திருநர்களைப் பற்றிய தப்பெண்ணம் குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நின்றது. இதே மாதிரி முறையைப் பற்றி அதற்கு முன்பு வந்த ஓர் ஆய்வு போலி என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. அந்தப் போலியைக் கண்டுபிடித்தவர்களில் இவர்கள் இருவரும் இருந்தார்கள் என்பதால் இவர்களின் முடிவை நான் கூடுதலாக நம்புகிறேன். அமெரிக்க வாசலில் நடந்தது நம் அடுப்படியில் அப்படியே நடக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் நிறமாகவோ சாதியாகவோ வரதட்சணையாகவோ, ஒதுக்கப்பட்ட அனுபவம் இல்லாத தமிழ் அம்மாவை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாதவர் தனியாக வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். அதுவரை பெரும்பாலும் பெற்றோர் வீடுதான். விஷயம் தெரிந்தால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் உண்மையாக இருந்தால், படமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். முதலில் சில மாதம் தங்க ஓர் இடத்தையும் கையில் கொஞ்சம் பணத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பயம் அந்த அளவுக்கு இல்லையென்றால், அம்மாவுக்கு முன்னால் அந்த நாலு பேரில் ஒருவரிடம் பேசுங்கள். எல்லாக் குடும்பத்திலும் கொஞ்சம் விரிந்த மனத்தோடு ஒரு சித்தியோ மாமாவோ இருப்பார்கள். விஷயத்தைக் கேட்ட இரவு அம்மா அழுதுகொண்டு முதலில் போன் போடப்போவது யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்த போன் அடிக்கும்போது, அதை எடுப்பவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.